லிமிட் ஹோல்டெமில் நடுத்தர ஜோடி: ஃப்ளொப்புக்குப் பிறகு என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை, 304 என்ற கூட்டுச் சீட்டாட்டம் ஆடி வளர்ந்த பலர் இப்போது அதே மேசையில் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டமும் ஆடுகிறார்கள். விதிகளைப் பிடித்துக்கொள்ள ஒரு பின்னேரம் போதும். ஆனால் கையில் 9 ஜோடியோ ஜாக் ஜோடியோ இருக்க, மேசை நடுவில் முதல் மூன்று பொதுச்சீட்டு (ஃப்ளொப்) விழுந்ததும் வரும் குழப்பம் லேசில் தீராது. இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு இடத்தைப் பற்றியதுதான்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 50/100 லிமிட் மேசைக்கு, அதாவது பெட் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்ட மேசைக்கு. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்ட வேண்டிய தொகைதான் பிளைன்ட்: சின்ன பிளைன்ட் 25, பெரிய பிளைன்ட் 50. ஃப்ளொப் சுற்று முடியும்வரை ஒவ்வொரு பெட்டும் 50; டேர்னிலும் (நான்காவது பொதுச்சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 100. ஒரு சுற்றில் ஒரு பெட், அதற்கு மேல் மூன்று ரெய்ஸ். பெட் என்றால் முதலில் பணம் வைப்பது, ரெய்ஸ் அதை ஏற்றுவது, கோல் அதே தொகையைக் கட்டி உள்ளே நிற்பது, செக் ஒன்றும் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது, ஃபோல்ட் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது, பொட் நடுவில் சேர்ந்திருக்கும் பணம். உங்கள் ஜோடியைவிடப் பெரிய சீட்டு எதுவோ அதை இங்கே மேற்சீட்டு என்று சொல்கிறோம்.

எந்த ஜோடிகளை நடுத்தரம் என்கிறீர்கள்? ஜாக் ஜோடி பெரிய ஜோடிதானே?

7 முதல் ஜாக் வரை. ஜாக் பெரிதாகத் தோன்றுவதற்கு 304தான் காரணம். அங்கே ஜாக்குக்கு 30 புள்ளி, 9க்கு 20, ஏஸுக்கு 11தான். கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஜாக்கையும் ஒன்பதையும் கண்டவுடன் கேள்வியை (ஏலத்தை) ஏற்றிக் கேட்டுப் பழகிய கை, ஹோல்டெமிலும் அப்படியே துள்ளும். இங்கே கிங்கும் குயினும் ஏஸும் ஜாக்குக்கு மேலே இருக்கின்றன என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரிய நாளெடுக்கும்.

ஃப்ளொப்பில் ஒரு மேற்சீட்டாவது விழும் வாய்ப்பைப் பாருங்கள். கிங் ஜோடிக்கு 23 சதவீதம், குயின் ஜோடிக்கு 41, ஜாக் ஜோடிக்கு 57, 10 ஜோடிக்கு 69, 9 ஜோடிக்கு 79, 8 ஜோடிக்கு 87, 7 ஜோடிக்கு 92. குயினுக்கும் ஜாக்குக்கும் இடையில்தான் கோடு விழுகிறது: ஜாக்கிலிருந்து கீழே, மேற்சீட்டு வருவதுதான் வழமை, வராததுதான் விதிவிலக்கு. ஃப்ளொப்பில் கிங் விழுந்ததும் “ஐயோ, கெட்டுப்போச்சு” என்று முகம் மாறுகிறவர், நடக்க வேண்டியது நடந்ததற்கே அதிர்ச்சியடைகிறார்.

செட் விழும்வரை காத்திருந்தால் போதாதா?

ஃப்ளொப்பில் உங்கள் ஜோடி மூன்றாகி செட் ஆகும் வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது ஏழரைக்கு 1 எதிராக. ஃப்ளொப்பில் விழாவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டே சீட்டு. டேர்னில் அது வர 47க்கு 2, கிட்டத்தட்ட இருபத்திரண்டரைக்கு 1 எதிராக. ரிவர் வரை இரண்டு சீட்டையும் பார்த்தாலும் 8.4 சதவீதம்தான்.

ஆகவே தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு, “எதற்கும் ஒருக்கா பார்ப்பம்” என்று செட்டுக்காக 50 வைப்பது நட்டம். அந்த விலைக்குச் சரியாக வேண்டுமென்றால் பொட்டில் ஆயிரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். பெரும்பாலான கைகளில் அவ்வளவு கிடக்காது. கிடந்தாலும், உங்கள் செட்டை ஸ்ட்ரெய்ட்டோ (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) ஃப்ளஷோ (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அடிக்கலாம்.

2 முதல் 6 வரையிலான சின்ன ஜோடிகளுக்கு இது வேறு கதை. அவற்றை நான்கைந்து பேர் உள்ளே வரும் பொட்டில் மலிவாகப் பாருங்கள். செட் விழுந்தால் ஒளித்து வைக்காமல் உடனே பெட், ரெய்ஸ் என்று போங்கள். விழாவிட்டால், இரண்டு மூன்று பேருக்கு மேல் இருந்தால், விட்டுவிடுங்கள். அதற்கு மேல் அவற்றில் யோசிக்க அதிகம் இல்லை.

மேற்சீட்டே விழவில்லை. 8 ஜோடி, ஃப்ளொப் 7-4-2. இப்போது பயமில்லைத்தானே?

இந்த நேரத்தில் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். அவ்வளவுதான். தெரியாத 47 சீட்டில் 9, 10, ஜாக், குயின், கிங், ஏஸ் என்று 24 மேற்சீட்டு இருக்கிறது. டேர்னில் அவற்றில் ஒன்று விழும் வாய்ப்பு 51 சதவீதம். 9 ஜோடியென்றால் 20 சீட்டு, 43 சதவீதம். 10 ஜோடிக்கு 34. ஜாக் ஜோடிக்கு 12 சீட்டு, 26 சதவீதம்.

விழுகிற ஒவ்வொரு மேற்சீட்டும் உங்களை அடிக்காது; அதை யாராவது வைத்திருக்க வேண்டும். குயின்-ஜாக் வைத்திருக்கும் ஒருவருக்கு ஜோடி சேர 6 சீட்டு. இரண்டு சீட்டையும் பார்த்தால் 24 சதவீதம். அவர் ஒருவர்தான் எதிரே என்றால் நான்கில் மூன்று முறை நீங்கள் தாங்குவீர்கள். அவருடன் ஏஸ்-10, கிங்-9 என்று இன்னும் இருவர் உட்கார்ந்திருந்தால் உங்களை அடிக்கும் சீட்டு 18 ஆகிவிடும். ஜோடி அதே ஜோடி, ஃப்ளொப்பும் அதே ஃப்ளொப். மாறினது ஆட்களின் எண்ணிக்கை மட்டும்.

இதனால்தான் நடுத்தர ஜோடியில் சீட்டைப் பார்க்கும் முன் ஆட்களை எண்ணச் சொல்கிறோம். நோ-லிமிட்டில் பெரிய தொகையைத் தள்ளி மற்றவர்களை விரட்டலாம். லிமிட்டில் 50க்கு மேல் ஒரு சல்லியும் கூட்ட முடியாது. உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம், பின்னால் இருப்பவர்கள் ஒரு பெட்டுக்குப் பதிலாக ஒரே தடவையில் இரண்டு பெட் கட்ட வேண்டிய நிலையை உண்டாக்குவது.

அந்த இரண்டு பெட் விடயத்தை எண்களோடு சொல்லுங்கள்.

உங்களிடம் 9 ஜோடி. உங்களுக்கு முன்னால் இருவர் வெறும் 50 வைத்து உள்ளே வந்திருக்கிறார்கள். பின்னால் பட்டன் (ஃப்ளொப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்), பிறகு இரண்டு பிளைன்ட். எல்லாரும் ஃப்ளொப் பார்க்கிறார்கள், ஆறு பேர். ஃப்ளொப் 7 ஆட்டின், 5 கிளாவர், 2 டைமன். இரண்டு பிளைன்டும் செக், முதலாமவர் செக், உங்களுக்குச் சரியாக முன்னால் இருப்பவர் 50 பெட் வைக்கிறார். இனி உங்கள் முறை.

முதலில், ஃப்ளொப்புக்கு முன் யாருமே ரெய்ஸ் பண்ணாத பொட்டை எடுப்போம். ஆறு பேரின் 50, ஆக 300. பெட்டுடன் 350. நீங்கள் வெறுமனே கோல் எடுத்தால் 400 ஆகும். பட்டனில் இருப்பவர் 50 கொடுத்து 400ஐ எதிர்பார்க்கிறார், 8க்கு 1. அவரிடம் கிங்-குயின் இருந்தால் அடுத்த சீட்டில் ஜோடி சேர 6.8க்கு 1தான் வேண்டும். அவர் சந்தோஷமாக வருவார், வருவது சரியும்கூட. அதே இடத்தில் நீங்கள் 100 ஆக ரெய்ஸ் பண்ணுங்கள். பொட் 450, அவர் 100 கொடுக்க வேண்டும், நாலரைக்கு 1. கிங்-குயினுக்கு அது கட்டாது. பின்னால் இருக்கும் இரண்டு பிளைன்டுக்கும், செக் பண்ணின முதலாமவருக்கும் இதே கதை. ஒரு 50ஐக் கூட்டிப் போட்டதில் நாலு பேரை வெளியே தள்ள வழி பிறந்துவிட்டது. அவர்கள் அப்படியும் வந்தால், தவறான விலை கொடுத்து வருகிறார்கள். அந்தத் தவறின் இலாபத்தில் பெரும் பங்கு உங்களுக்கு.

இப்போது அதே கையை, ஃப்ளொப்புக்கு முன் நீங்கள் ரெய்ஸ் பண்ணி ஐவரும் கோல் எடுத்திருந்தால் என்று வைத்துப் பாருங்கள். பொட் 600. பெட்டுடன் 650. நீங்கள் 100 ஆக ஏற்றினால் 750. பட்டனுக்கு ஏழரைக்கு 1. கிங்-குயினுக்கு 6.8தான் வேண்டும். உங்கள் ரெய்ஸ் அவரைத் தடுக்கவே இல்லை. பொட்டை நீங்களே ஊதிப் பெருப்பித்ததால் ஆறு சீட்டுக்காரர் (கிங்-குயின்போல, ஜோடி சேர ஆறு சீட்டு உள்ளவர்) எல்லாரும் சரியான விலையில் நிற்கிறார்கள்.

எல்லாரும் “பார்ப்பம்” என்று வரும் மேசையில், முன்னால் ஏற்கெனவே இருவர் மூவர் நுழைந்திருந்தால், 7, 8, 9 ஜோடிகளை ஃப்ளொப்புக்கு முன் ரெய்ஸ் பண்ணாமல் வைத்திருப்பதே எங்கள் தெரிவு. ஜாக்கும் பத்தும் வேறு; அவற்றுக்கு ரெய்ஸ் பண்ணலாம், ஆனால் பொட் பெருத்தால் ஃப்ளொப்பில் ஆட்களை விரட்டுவது கடினம் என்பதைத் தெரிந்துகொண்டே பண்ண வேண்டும்.

பொட் ஏற்கெனவே பெருத்துவிட்டது. அப்போது என்ன?

டேர்ன் வரை பொறுங்கள். லிமிட்டின் மிக அழகான இடம் இதுதான், ஏனென்றால் டேர்னில் பெட் இரட்டிப்பாகிறது.

மேலே சொன்ன 600 பொட்டையே எடுங்கள். ஃப்ளொப்பில் முன்னால் இருப்பவர் 50 வைக்க, நீங்கள் கோல் மட்டும் எடுக்கிறீர்கள். மற்ற நால்வரும் வந்துவிட்டதாக வைப்போம். பொட் 900. டேர்னில் 2 இஸ்பேட் விழுகிறது, யாருக்கும் பெரிதாக உதவாத சீட்டு. அதே ஆள் 100 வைக்கிறார், பொட் 1000. இப்போது நீங்கள் 200 ஆக ரெய்ஸ் பண்ணினால் 1200. பட்டனில் இருப்பவர் 200 கொடுக்க வேண்டும், 6க்கு 1. ஒரு சீட்டே மிச்சமிருக்க, ஆறு சீட்டுக்காரருக்கு வேண்டியது 6.67. ஃப்ளொப்பில் சரியாக இருந்த அவருடைய கோல் இப்போது பிழையாகிவிட்டது.

டேர்னில் குயினோ கிங்கோ விழுந்து, பெட்டும் அதற்கு மேல் ஒரு ரெய்ஸும் உங்களுக்கு முன்னாலேயே வந்தால்? 50 மட்டும் செலவழித்துப் போய்விடலாம். 9 ஜோடிக்கு ஏதாவதொரு மேற்சீட்டு வருவது 43 சதவீதம் என்பதை நினைத்தால், அந்தப் பொறுமை எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று விளங்கும்.

இதில் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. டேர்னில் முன்னால் இருப்பவர் பெட் வைக்காமல் செக் பண்ணிவிட்டால் உங்கள் திட்டம் குலையும். அப்போது நீங்களே 100 பெட் வையுங்கள். “அடுத்ததில் ரெய்ஸ் பண்ணலாம்” என்று செக் பண்ணி ஐந்து பேருக்கு இலவசச் சீட்டுக் கொடுப்பதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

பெட் வைக்கும் ஆள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது அவ்வளவு முக்கியமா?

சில வேளைகளில் சீட்டைவிட முக்கியம். அவர் உங்களுக்குச் சரியாக முன்னால், வலப்பக்கத்தில் இருந்தால் மேலே சொன்னதுபோல ரெய்ஸ். மற்ற எல்லாரும் உங்களுக்குப் பின்னால் மாட்டுப்படுவார்கள்.

ஃப்ளொப்புக்கு முன் ரெய்ஸ் பண்ணினவர் உங்களுக்கு அடுத்ததாக, இடப்பக்கத்தில் இருந்தால் செக் பண்ணிக் காத்திருக்காதீர்கள். அவர் பெட் வைப்பார், நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு 50 கட்டி முடித்திருப்பார்கள், பிறகு நீங்கள் ரெய்ஸ் பண்ணினால் இன்னுமொரு 50தானே என்று அவர்களும் வருவார்கள். அதற்குப் பதிலாக நீங்களே முதலில் பெட் வையுங்கள். அவரிடம் பெரிய ஜோடியோ ஏஸ்-கிங்கோ இருந்தால் வழமையாக ரெய்ஸ் பண்ணுவார். உங்களுக்காக மற்றவர்களை விரட்டும் வேலையை அவரே செய்கிறார்.

நீங்கள் பெரிய பிளைன்டில் இருந்து, ரெய்ஸ் பண்ணினவர் பட்டனில் இருந்தால் செக்-ரெய்ஸ்: முதலில் செக், அவர் பெட் வைத்ததும் ரெய்ஸ். அவருடைய பெட் உங்களிடம்தான் முதலில் திரும்பி வரும் (சின்ன பிளைன்ட் ஏற்கெனவே போயிருந்தால்). நீங்கள் ஏற்றினதும் நடுவில் செக் பண்ணியிருந்த எல்லாரும் 100ஐப் பார்த்து யோசிக்க வேண்டும்.

ஃப்ளொப்பில் ஒரு கிங் விழுந்துவிட்டது. என்னிடம் ஜாக் ஜோடி. போட்டுவிடுவதா?

எத்தனை பேர்? ஃப்ளொப் கிங்-7-2 என்று வைப்போம். எதிராளிகளின் கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், ஒருவர் மட்டும் எதிரே இருக்கும்போது அவரிடம் கிங் இருக்க 12.5 சதவீதம். இருவரில் யாரிடமாவது இருக்க 24, மூவரில் 34, நால்வரில் 44, ஐவரில் 52. உண்மையில் ஆட்கள் 8-3ஐப் போட்டுவிட்டுக் கிங்-ஜாக்கை வைத்திருப்பதால் இந்த எண்கள் எல்லாம் கொஞ்சம் கூடும். ஏஸ் விழுந்தால் நன்றாகவே கூடும், ஏனென்றால் எங்கள் மேசைகளில் ஏஸோடு எந்தச் சீட்டு வந்தாலும் ஆடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒருவர் அல்லது இருவர் எதிரே: பெட் வையுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் முன்னால். மூவர்: எல்லாரும் செக் பண்ணி உங்களிடம் வந்தால் ஒரு பெட், யாராவது கோல் எடுத்துவிட்டு டேர்னில் தானாகவே பெட் வைத்தால் அங்கே நிறுத்திவிடலாம். நால்வரோ அதற்கு மேலோ இருந்து, உங்களிடம் வரும் முன்பே ஒரு பெட்டும் ஒரு கோலும் நடந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். பெட் வைத்தவர் ஏமாற்றினாலும் கோல் எடுத்தவர் எதையோ வைத்துத்தான் எடுத்திருக்கிறார்.

ஃப்ளொப்பில் இரண்டு வேறு மேற்சீட்டு, உதாரணமாக கிங்-குயின்-6, மூன்று பேருக்கு மேல் என்றால் பெட் வரும் முன்பே மனதால் விடைபெற்றுவிடுங்கள். ஜோடி பறிபோயிருக்கலாம், போகாவிட்டாலும் ஸ்ட்ரெய்ட்டுக்கு நிற்பவர் இருப்பார்.

கிங்-கிங்-7 என்று மேற்சீட்டே ஜோடியாக விழுந்தால் இன்னும் மோசம்தானே?

இல்லை. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஃப்ளொப்பில் இரண்டு கிங் வெளியே வந்துவிட்டதால் கட்டில் மிச்சம் இருப்பது இரண்டே கிங். ஒரு எதிராளியிடம் அது இருக்க 8.4 சதவீதம், தனிக் கிங் விழுந்தபோது 12.5. மூவர் எதிரே என்றால் 24, அங்கே 34. பெட் வையுங்கள். ஆனால் டேர்னில் அமைதியான ஆள் ஒருவர் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால் அந்த 24க்குள் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

ஒருவரோடு ஒருவர் என்று வந்துவிட்டது. மேற்சீட்டு இருக்கிறது, அவர் விடாமல் பெட் வைக்கிறார். எதுவரை பார்ப்பது?

பட்டனில் நீங்கள் 9 ஜோடியோடு ரெய்ஸ் பண்ணினீர்கள். சின்ன பிளைன்ட் போய்விட்டது, பெரிய பிளைன்ட் கோல். பொட் 225. ஃப்ளொப் குயின்-6-3. அவர் 50, டேர்னில் 100, ரிவரில் 100 என்று வைத்துக்கொண்டே போகிறார். கடைசிவரை பார்க்க உங்களுக்கு 250 செலவு. வென்றால் ஏற்கெனவே இருந்த 225, அவருடைய 250, ஆக 475 கிடைக்கும். 725இல் 250, அதாவது 34.5 சதவீதம் முறை வென்றாலே கணக்குச் சரி.

ஜோடியில்லாத கையொன்று ஃப்ளொப்பில் தன் சீட்டோடு ஜோடி சேர்க்காமல் போவது 67.6 சதவீதம். ஆகவே ஏமாற்றத் தெரிந்த, ட்ரோவோடும் (இன்னும் முடியாத ஸ்ட்ரெய்ட் அல்லது ஃப்ளஷ்) பெட் வைக்கிற ஆள் என்றால் கடைசிவரை போங்கள். மாலை முழுவதும் கோல் மட்டும் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு இந்தக் கையில் முதல் தடவையாகப் பெட் வைக்கிற ஆள் என்றால் டேர்னிலேயே விட்டுவிடுங்கள். ஒரே சீட்டு, ஒரே பொட். எதிரே இருப்பவர் யார் என்பதில்தான் விடை மாறுகிறது.

நாலு பேர் பொட்டில் பிடிவாதமாக நிற்பதும், ஒருவர் முன்னால் பயந்து ஓடுவதும்தான் நடுத்தர ஜோடியில் நாம் அடிக்கடி காணும் இரண்டு பிழைகள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் சாதாரணம்.

டேர்னில் நான் பெட் வைக்க, அவர் ரெய்ஸ் பண்ணினால்?

மேலே சொன்ன 225 பொட்டையே எடுங்கள்; ஆனால் இம்முறை ஃப்ளொப்பில் நீங்கள் 50 வைக்க அவர் கோல் எடுத்திருந்தார், பொட் 325. டேர்னில் உங்கள் 100, அவருடைய 200, ஆக 625. இதைப் பார்க்க 100, ரிவரில் அவர் மறுபடி வைப்பார், இன்னுமொரு 100. 200 கொடுத்து 725ஐ எதிர்பார்க்கிறீர்கள், 21.6 சதவீதம் வெல்ல வேண்டும். லிமிட்டில் அமைதியான ஆட்டக்காரரின் டேர்ன் ரெய்ஸ் பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது அதற்கு மேல். உங்களுக்கு மிச்சம் இரண்டு சீட்டு. போட்டுவிடுங்கள். அவ்வப்போது ஏமாற்றுகிற ஆளுக்கு 21.6 என்பது எட்டக்கூடிய எண், அவரைப் பார்க்கலாம்.

இங்கே மூன்றாவது வழியொன்றைப் பலர் தெரிவு செய்கிறார்கள்: டேர்னில் 100 கட்டிவிட்டு ரிவரில் விடுவது. செட் விழாவிட்டால் விடுவதென்றால் அந்த 100ஐயும் கட்டியிருக்கக் கூடாது. முடிவை டேர்னிலேயே எடுங்கள்.

முன்னால் இருக்கும்போதும் செக் பண்ணலாமா?

ஒரு நிலைமையில் பண்ணலாம். ஜாக் ஜோடி, ஃப்ளொப் ஏஸ்-7-2, மூன்றும் வேறு இனம், எதிரே ஒருவர் மட்டும். அவரிடம் ஏஸ் இருந்தால் உங்களுக்கு இரண்டு சீட்டு. 7 இருந்தால் அவருக்கு ஐந்து சீட்டு, சின்ன ஜோடி என்றால் இரண்டு. இலவசச் சீட்டினால் பெரிய ஆபத்தில்லை. ஃப்ளொப்பில் பெட் வைத்து, கோல் வந்தால் டேர்னில் செக், ரிவரில் அவர் வைத்தால் பார்ப்பது. தோற்றால் குறைவாகத் தோற்பீர்கள். ஒன்றுமில்லாதவர் ரிவரில் ஏமாற்றவும் இடம் கிடைக்கிறது.

இதே செக்கை 8 ஜோடி, 7-4-2 ஃப்ளொப்பில் பண்ணினால் கதை முடிந்தது. அங்கே டேர்னில் பாதிக்கு மேற்பட்ட சீட்டு உங்களுக்கு எதிரி.

ஒரே இனத்தில் மூன்று, அல்லது 9-8-6 போல அடுத்தடுத்த சீட்டு விழுந்தால்?

ஃப்ளஷ்ஷுக்கு நான்கு சீட்டு வைத்திருப்பவருக்கு ரிவர் வரை 35 சதவீதம். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 31.5. 10 ஜோடி, ஃப்ளொப் 9-8-6 மூன்றும் ஆட்டின், உங்கள் பத்துகளில் ஆட்டின் இல்லை, மூன்று பேருக்கு மேல், முன்னால் பெட்டும் கோலும். இது பார்வைக்கு மேல்ஜோடி, கணக்குக்குக் குப்பை. உங்களிடம் ஆட்டின் பத்து இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நான்காவது ஆட்டின் விழும்போது ஜாக் ஆட்டினோ ஏஸ் ஆட்டினோ வைத்திருப்பவர் உங்களையும் சேர்த்து அடிப்பார். ஒருவர் மட்டும் எதிரே என்றால் வழமைபோலப் பெட் வையுங்கள். அவரிடம் இரண்டு ஆட்டின் இருப்பது அரிது.

304இலிருந்து வரும் பழக்கம் வேறு என்ன கெடுக்கிறது?

கூட்டாளி நினைப்பு. 304இல் எதிரே இருப்பவர் உங்கள் ஆள். நீங்கள் வெட்டாததை அவர் வெட்டுவார். ஹோல்டெமில் “அவன் பெட் வைச்சிட்டான், மற்றவன் பார்த்துக்கொள்ளட்டும்” என்று கோல் எடுத்துக்கொண்டிருப்பது அந்த நினைப்பின் எச்சம். நடுத்தர ஜோடியில் பலர் இருக்கும்போது கோல் எடுப்பதுதான் பெரும்பாலும் மூன்றிலும் மோசமான வழி. ரெய்ஸ் ஆட்களைக் குறைக்கும், ஃபோல்ட் சிப்பைக் காக்கும். கோல் இரண்டையும் செய்யாது. டேர்னுக்காகக் காத்திருக்கிற கோல் மட்டும் இதற்கு விலக்கு, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது.

கணினி இந்த ஆட்டத்தை முழுவதும் தீர்த்துவிட்டதாமே?

கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஜனவரியில் வெளியிட்ட முடிவு அது. செஃபியஸ் என்ற நிரல், இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்துவிட்டது. ஆறு பேர் மேசைக்கு அது பொருந்தாது. நடுத்தர ஜோடியின் தலைவலி பெரும்பாலும் மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

ரிவரில் எப்போது பார்ப்பது, எப்போது நானே வைப்பது?

ஒருவர் மட்டும் எதிரே, பொட்டில் 600, அவர் 100 வைக்கிறார்: 7க்கு 1. எட்டில் ஒரு தடவை வென்றாலே போதும், ஆகவே ஏமாற்றக்கூடிய எவரையும் பாருங்கள். ஆனால் அந்தப் பெட்டுக்கு உங்களுக்கு முன்னால் இன்னொருவர் கோல் எடுத்துவிட்டால் 8க்கு 1 என்று மகிழாதீர்கள். ஏமாற்றுகிறவரை மட்டுமல்ல, அவரைப் பிடிக்க வந்தவரையும் நீங்கள் அடிக்க வேண்டும். நடுத்தர ஜோடி அங்கே அரிதாகவே நிற்கும்.

நீங்களே வைப்பதென்றால், எதையும் பார்க்கிற ஆளுக்கு எதிராகத் தயங்காதீர்கள். ஜாக் ஜோடி, நடுவில் 9-5-2-6-கிங், மூன்று சுற்றும் அவர் கோல் மட்டும் எடுத்து வந்தவர், ரிவரில் கிங்கைக் கண்டதும் மறுபடி செக் பண்ணுகிறார். கிங் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அவரே வைத்திருப்பார். அவரிடம் 9 இருக்கலாம், 6 இருக்கலாம், 7 ஜோடி இருக்கலாம். இவை எல்லாம் 100 கொடுத்து உங்கள் சீட்டைப் பார்க்கும். வையுங்கள். அவர் ரெய்ஸ் பண்ணினால், அதுவும் மாலை முழுவதும் ஒரு தடவைகூட ரெய்ஸ் பண்ணாதவர் என்றால், சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த கைக்கு பிளைன்டைக் கட்டுங்கள்.